நாப்பது நாள் கணக்கு

ஜூலை 27
24 நாள் கழிச்சு இன்னைக்குத்தான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். 30 வாரத்துல பிறந்தவன். அப்ப 1 கிலோ 280, இப்ப 1 கிலோ 620. கீழக்கரைக்குள்ள வண்டி நுழையும்போதே கச்சான் காத்து மண்ணை வாரி அடிச்சது. உம்மா முந்தானையால மூடி வாங்கிக்கிட்டாக. "நாப்பது முடியிறவரை தாயும் பிள்ளையும் நடை தாண்டக் கூடாது."

ஜூலை 29
டிஸ்சார்ஜ் காகிதத்தைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு துபாய்க்கு அனுப்பினேன். அவகதான் பெருசாக்கிப் பார்த்துட்டு, "கடைசி வரியில ஆர்ஓபின்னு கிறுக்கியிருக்கே, என்ன அது?"ன்னாக. எனக்கு யாரும் வாயால சொல்லலை. சத்து மருந்து எத்தனை சொட்டுன்னு மூணு தடவை சொன்னவங்க, இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

தெரிஞ்ச டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஆர்ஓபின்னா முந்திப் பிறந்த பிள்ளைக்கு விழித்திரையில, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்குற திரையில, வர்ற நோயாம். 34 வாரத்துக்கு முந்திப் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழ இருந்தாலோ, 30 நாளுக்குள்ள விழித்திரையைப் பார்த்தாகணுமாம். விழித்திரையில ரத்தக்குழாய் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு வளர்ந்துக்கிட்டே வரும். வயித்துல பத்து மாசம் ஆகும்போதுதான் ஓரத்தைத் தொடும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது பாதியில நின்னு, அப்புறம் தாறுமாறா முளைச்சு, திரையையே பிடிச்சு இழுத்துடலாம்.

இன்னைக்கு 26ஆம் நாள்.

உம்மா டார்ச் அடிச்சுப் பார்த்தாக. "கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு. தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு, போதும்." வெளியில ஒண்ணும் தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது?

ஜூலை 31
விடியக்காலை மதுரைக்குக் கிளம்பினோம். உம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாக; ஆனா ஃபிளாஸ்க்குல வெந்நீர் அவகதான் ஊத்தி வச்சாக.

பரிசோதனைக்கு முன்னாடி பால் கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. கண்ணுப் பாப்பா விரிஞ்சு விரிஞ்சு கண்ணே முழுக்கக் கறுப்பாயிருச்சு. துணியில இறுக்கிச் சுத்தி, இமைக்கு நடுவுல கம்பி கிளிப் மாட்டி, டாக்டர் நெத்தி விளக்கோட குனிஞ்சாங்க. அவன் கத்தினது வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும். ரெண்டு நிமிஷம் இருக்குமா? எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகுச்சு.

ரெண்டாம் நிலையாம். அடுத்த வாரம் வரச் சொன்னாங்க.

ஆகஸ்ட் 2
மச்சான் ராத்திரி 1 மணிக்கு ஒரு செய்தி: ஸ்டீவி வொண்டர்னு அமெரிக்கப் பாட்டுக்காரர், 1950ல ஆறு வாரம் முந்திப் பிறந்து, இதே நோயாலதான் பார்வை போச்சாம். ஆறுதலுக்கு அனுப்பினாகளா, பயம் காட்டவா?

ஆகஸ்ட் 7
மூணாம் நிலை. ரத்தக்குழாயெல்லாம் புழு மாதிரி நெளியுதாம். லேசர் வைக்கணும், ரெண்டு நாளைக்கு மேல தள்ளக் கூடாதுன்னாங்க. போன்ல சொன்னதும் உம்மா சத்தமே போடலை. "நாளைக்கே வைக்கச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னாக.

ஆகஸ்ட் 8
லேசர் முடிஞ்சது. குழாய் போய்ச் சேராத ஓரத்துல பொட்டுப் பொட்டா வச்சாங்களாம். ஓரப் பார்வை கொஞ்சம் குறையலாம், பின்னாடி கண்ணாடி தேவைப்படலாம். நடுப் பார்வையைக் காப்பாத்தத்தான் இதுன்னாங்க. இமை வீங்கியிருக்கு. பால் குடிச்சுட்டுத் தூங்குறான்.

ஆகஸ்ட் 12
இன்னைக்கு நாப்பது. மொட்டையடிச்சுப் பேர் வைக்கிறதெல்லாம் தள்ளி வச்சாச்சு. உம்மா கண்ணுக்கு இடுற சுர்மா மை டப்பியைக் கையில எடுத்தாக, என்னைப் பார்த்தாக, திரும்ப அலமாரியில வச்சுட்டாக.

ஆகஸ்ட் 14
நெளிவு குறைஞ்சிருக்காம். மறுபடி 21ஆம் தேதி. காலண்டர்ல உம்மாவே வட்டம் போட்டு, பக்கத்துல "பால் கொடுக்காதே"ன்னு எழுதியிருக்காக.