கம்பிவலை தெரியாத மான்
கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டைப் பூங்காவில் நான் எடுத்த புள்ளிமான் படத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் காட்டில் எடுத்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். லென்ஸை மான் அடைப்பின் கம்பிவலையோடு ஒட்டிவைத்து, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளையை) முழுவதுமாகத் திறந்து, மான் வலையை விட்டு விலகி நிற்கும் நொடியில் எடுத்தால் கம்பி மங்கிக் கரைந்துவிடும். அதில் பெரிய திறமை ஒன்றுமில்லை.

2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்திலோ, விடியலிலிருந்து குளக்கரையில் குந்தியிருந்தும், மஞ்சள் மூக்கு நாரை ஒன்று அலகைத் திறந்தபடி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு காலால் சேற்றைக் கிளறி மீன் தேடியதை மூன்று படங்களில்தான் பிடிக்க முடிந்தது (கொசுக்கடி தனிக்கணக்கு). இரண்டடி முன்னே நகர்ந்ததும் அது தலையை நிமிர்த்தியது. இரை தேடும் பறவையைக் கலைத்து எடுக்கும் படத்தில் எனக்கு மதிப்பில்லை என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன்.

மான் படத்தின் கீழே 'பூங்காவில் எடுத்தது' என்று இப்போது சேர்த்திருக்கிறேன்.