முள்ளோடைக்கு அந்தப் பக்கம் 34

பதினாலு வருஷம் கடலூர்–புதுச்சேரி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முதுகு ஒத்துழைக்காமல் போனதும், 42 வயசில் மஞ்சக்குப்பத்தில், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி வகுப்பில் சேர்ந்தேன். சுற்றிலும் காலேஜ் முடித்த பிள்ளைகள். சொல்லிக்கொடுத்தவருக்கு என் மகளைவிட நாலு வயசுதான் கூட. நான் "டீச்சர்" என்பேன், அவங்க "அண்ணே" என்பாங்க.

பற்று, வரவு ஒரே வாரத்தில் பிடிபட்டது. ராத்திரி டிக்கெட் நம்பரையும் பையில் இருக்கும் காசையும் ஒத்துப்பார்த்த கை இது. பத்து ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராது, அன்றைக்கும் இன்றைக்கும். ஜிஎஸ்டிதான் என்னை ஆட்டி வைத்தது.

இப்போது ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதல் மாதம், பாகூர் கடை ஒன்றுக்குப் போன பில்லில் வழக்கம்போல மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் போட்டுவிட்டேன். விற்பனைக் கணக்கை 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். 10-ஆம் தேதி ராத்திரி ஒவ்வொரு பில்லாக விரல் வைத்துப் பார்த்தபோது, வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கண்ணில் பட்டது: 34. தமிழ்நாட்டுக்கு 33. அந்தப் பக்கம் புதுச்சேரி. அப்படியென்றால் 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி, எல்லை தாண்டிப் போகும் சரக்குக்கான வரி. மொத்த வரி அதேதான், போய்ச் சேரும் இடம் வேறு.

அந்த எல்லையில் இருக்கும் முள்ளோடையை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன்! அப்போது அது எனக்கு ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான்.

பில்லைத் திருத்திவிட்டு முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். "காலையில முதல் வேலையா பாகூருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றார். கடை திறக்கும் முன்பே போட்டேன்.