ரெண்டே ஓட்டு

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் இனவாரி மக்கள்தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் வெள்ளையர் ஊர்கள்; இங்கே மட்டும் கறுப்பினத்தவர் விழுக்காடு எகிறி நிற்கிறது. பரவாயில்லையே, கலந்து வாழ்கிறார்கள்போல என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஊருக்குள் ஒரு சிறைச்சாலை! அங்கே சென்சஸில் கைதிகளையும் சிறை இருக்கும் ஊர்க்காரர்களாகத்தான் எண்ணுவார்கள். ஆனால் கைதிகளுக்கு ஓட்டு பெரும்பாலும் கிடையாது.

அயோவா மாநிலத்து அனமோசாவில் ஒரு வார்டில் சுமார் 1,400 பேர் இருந்தார்கள். அதில் 1,300 பேர்வரை கைதிகள். 2005-இல் அங்கே ஒருவர் ரெண்டே ஓட்டில் கவுன்சிலர் ஆனார். வாக்குச்சீட்டில் அவர் பெயரே இல்லை, கையால் எழுதிப் போட்ட ஓட்டுகள். ஒன்று மனைவியுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. மனுஷன் தனக்குக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை!