வின்டர்கிரீன்: வாசனையில் ஒரு ஏமாற்று

வலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி ஒரு மலைப் புதரின் இலையிலும் இருக்கிறது. நீலகிரி, பழனி மலை, இமயமலை எனக் குளிர்ந்த உயரங்களில் வளரும் கால்தீரியா, அதாவது வின்டர்கிரீன். குட்டிக் குடம் போல வெள்ளைப் பூ, அப்புறம் நீலக் காய்.

முழு இலையை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கசக்கினால்தான் வாசம். இலைக்குள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும் பொருளை நொதி உடைத்து, வாசம் தரும் மெத்தில் சாலிசிலேட்டை விடுவிக்கிறது. அதனால்தான் இலையை நனைத்து ஊறவைத்துப் பிறகு காய்ச்சி வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெயில் பெரும்பங்கு இந்த ஒரே வேதிப்பொருள். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு! தசைவலி, மூட்டுவலிக்கு மேற்பூச்சாக நல்லது.

ஆனால் 'இயற்கைதானே' என்று உள்ளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெய், சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். குழந்தையின் உயிரையே பறிக்கும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் மேலே பூசவும் மருத்துவரைக் கேட்பது நல்லது.

வளர்ப்பது? நான் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீரை ஊற்றினேன், இலை மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தது. அமில மண், இலைமக்கு, அரை நிழல், மழைநீர் வேண்டும். விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணால் மூடாமல் மேலேயே தூவ வேண்டும். பாதி முற்றிய தண்டை நட்டாலும் வேர் பிடிக்கும், மெதுவாக.

இரண்டாவது செடி இப்போது மழைநீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.