ஐ-யா, மீ-யா? உருபைப் பார்த்தால் தெரிந்துவிடும்

ஆங்கிலத்தில் ஐ, ஹி, ஷி, வீ, தே எழுவாய். மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் செயப்படுபொருள். யூ, இட் மாறாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணி), வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டியலை ஒப்பித்துவிடுவார்கள். பிழை கண்டறியும் கேள்வியில் 'அண்ட்' வந்ததும்தான் தடுமாற்றம்.

'த டிரைவர் டிராப்ட் மணி அண்ட் ஐ அட் குன்னூர்.' இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: டிரைவர் மணியையும் என்னையும் குன்னூரில் இறக்கிவிட்டார். 'என்னை' வந்துவிட்டதால் 'மீ'தான் சரி. 'மணியும் நானும் மலை ரயிலில் போனோம்' என்பதில் 'நான்' மேல் உருபே இல்லை, அங்கே 'ஐ'. தமிழ் 'ஐ' உருபு வருகிற இடத்தில் ஆங்கில 'ஐ' வராது என்று வேடிக்கையாக நினைவில் வைக்கலாம். மணியை நீக்கிவிட்டுப் படித்தாலும் அதே விடை கிடைக்கும். 'டிராப்ட் ஐ' காதுக்கே உறுத்தும். 'மீ அண்ட் மணி வென்ட்' என்பதைப் பள்ளியில் திருத்தித் திருத்தி, 'அண்ட் மீ' எங்கு வந்தாலும் தப்பு என்ற பயம் பலருக்கு ஒட்டிக்கொள்கிறது.

'பிட்வீன் யூ அண்ட் ஐ'யும் இந்தப் பயத்தில் வருவதுதான். பிட்வீனுக்கு இருவர் வேண்டும் என்பதால் ஒருவரை நீக்கிப் பார்க்க முடியாது. இருவரையும் சேர்த்து 'வீ'யா 'அஸ்'ஸா என்று பாருங்கள்: பிட்வீன் அஸ். ஆகவே 'மீ'. லெட்டுக்குப் பின்னும் இப்படியே: 'லெட் ஹிம் அண்ட் மீ கோ'.

உருபு ஏமாற்றும் இடமும் உண்டு. எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, அவளுக்குக் கொடைக்கானல் பிடிக்கும், என்னால் முடியும்: இவற்றில் உருபு இருந்தும் ஆங்கிலத்தில் எழுவாய்தான். 'ஷி லைக்ஸ் கொடைக்கானல்.' அறிவது, உணர்வது, விரும்புவது, இயலுவது வந்தால் 'கு', 'ஆல்' உருபுகளை நம்பாதீர்கள். ஆனால் 'என்னால் எழுதப்பட்டது' செயப்பாட்டு வினை. அது 'பை மீ'.

'என்னைவிட' இன்னொரு வழுக்குப் பாறை. 'ஹி இஸ் டாலர் தேன் ஐ' என்பதில் 'ஐ'க்குப் பின் 'ஆம்' (am) மறைந்திருக்கிறது. பேச்சில் 'தேன் மீ' சகஜம், அதைக் குறை சொல்வதற்கில்லை. தேர்வில் 'ஐ' போடுவதே பாதுகாப்பு. 'ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன்' என்பதற்குப் பின் இரண்டுமே இலக்கணப்படி சரி, பொருள்தான் மாறும். 'ஐ' என்றால் நான் அவனை விரும்புவதைவிட. 'மீ' என்றால் அவள் என்னை விரும்புவதைவிட.

யார் என்றால் ஹூ, யாரை என்றால் ஹூம். 'த கைட் ஹூம் வீ தாட் வாஸ் ஃப்ரம் ஊட்டி' என்று கேட்டால், 'வீ தாட்' மேல் விரலை வைத்து மறைத்துவிட்டுப் படியுங்கள். 'வாஸ்' எழுவாய் இல்லாமல் நிற்கும், எனவே 'ஹூ'.