தனுஷ்கோடி தேவாலயம்: சிவப்பு ஃபில்டரைக் கழற்றிய பிறகு

1964 டிசம்பர் புயலுக்குப் பின் கைவிடப்பட்ட தனுஷ்கோடியில், தேவாலயம் என்று இன்று நிற்பது பவளக்கல் சுவர்கள்தான். கூரை கிடையாது. கருப்பு வெள்ளை ஃபிலிமில் இந்தச் சுவர்களை எடுக்கும்போது சிக்கல் வருவது அதனால்தான்.

வானம் கறுக்க வேண்டும், மேகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எல்லோரும் சிவப்பு ஃபில்டரைத்தான் மாட்டுவோம். வானம் வரும். ஆனால் சுவரின் நிழல் பக்கம் நெகட்டிவில் வெற்றுப் பிளாஸ்டிக்காக இருக்கும். கூரையில்லாத இடத்தில் நிழலுக்குள் இறங்குவது பெரும்பாலும் வானத்தின் நீல ஒளி. அதைத்தான் சிவப்பு தடுக்கிறது. வழக்கமான 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு) கூட்டினாலும் வெயில் பக்கம்தான் சரியாகும், நிழலுக்குப் போதாது. மஞ்சள் (1 ஸ்டாப்) போதும். மேகம் நன்றாக இருந்தால் ஆரஞ்சு (சுமார் 2 ஸ்டாப்), அதற்கு மேல் வேண்டாம்.

டிஜிட்டலில் ஃபில்டரே தேவையில்லை. கலர் சென்சாரில் சிவப்பு மாட்டினால் நாலில் ஒரு பிக்சல்தான் ஒழுங்காக வேலை செய்யும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுத்து, பிறகு நீல ஸ்லைடரை இறக்கலாம். அதிகம் இறக்கினால் வானத்தில் புள்ளி மொய்க்கும், சுவர் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும்.

வெளிர் மணல், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரை ஏமாற்றும். அதன் பேச்சைக் கேட்டால் சுவர் கரியாகிவிடும். சொரசொரப்பு தெரிய வேண்டிய நிழலை மட்டும் அளந்து, அதிலிருந்து 2 ஸ்டாப் குறைத்து வைக்கவும். எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐஎஸ்ஓ 200 என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தை 20 சதவீதம் குறைத்தால் மணலும் வெளுத்துப்போகாது. ஐடி-11 டெவலப்பரில், 1+1 (சம அளவு தண்ணீர் கலந்த) கரைசலில் 20 டிகிரிக்கு 13 நிமிடம் என்பது சுமார் 10½ ஆகும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாமல், பாட்டிலைச் சுற்றியுள்ள வாளித் தண்ணீரில் போடுங்கள். கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

பவளக்கல்லின் துளைகள் தெரிய ஒளி சுவரை உரசிப் போக வேண்டும். காலை, மாலை என்பது பொதுவான யோசனை. ஆனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே சூரியன் உச்சியில் நேர் மேலே வரும். அப்போது மேலிருந்து கீழே வெயில் வழிந்து ஒவ்வொரு துளையும் தெரியும். அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம், தொப்பி மட்டும் அவசியம்.

காற்றோடு மணலும் உப்பும் வரும். லென்ஸ் மாற்றுவதை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடின் கடைசிக் கணுவைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்; பையைத் தொங்கவிட்டால் காற்றில் ஆடி ட்ரைபாடும் அசையும். சுவரில் சாய்ந்து கோணம் தேட வேண்டாம். கல் உதிர்கிறது.