ஹெல்மெட் முட்டாத பதுளைப் பயணம்

மட்டக்களப்புக்குக் கிட்ட, செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பியதும் எண்ணத் தொடங்கிவிடுவேன். பின்னால் இருக்கும் மனைவியின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டினால் ஒன்று. கரடியனாற்றைத் தாண்டுமுன் பத்து வந்துவிடும். மகா ஓயாவில் தேநீருக்கு நிறுத்தினால் கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்குவா. ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும், "அடுத்த முறை நான் பஸ்ஸில வாறன், நீங்க பைக்கில வாங்க" என்றா. பதுளையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போவதே பைக் என்பதால்தான். அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது.

வண்டி 400 சிசி, ஒற்றைச் சிலிண்டர், பெற்றோல் இஞ்செக்‌ஷன். வேகத்தில் ஓடும்போது அருமையான வண்டி. நாற்பதில் போய், மாட்டுக்கோ பள்ளத்துக்கோ அக்சிலேட்டரை விட்டுத் திரும்பப் பிடிக்கும்போதுதான் வெட்டி இழுக்கும். புகைச் சட்டங்களுக்காகக் கம்பனியிலிருந்து வரும்போதே எஞ்சின் லீனாக, அதாவது பெற்றோலைக் குறைத்து, ஓடும்படிதான் இருக்கும். ஒரே சீராக ஓடும்போது எடைக்கணக்கில் 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவில் வண்டியின் கணினி அதைப் பிடித்து வைத்திருக்கும். அக்சிலேட்டரை முழுதாக விட்டால் பெற்றோலையே நிறுத்திவிடும். திரும்பப் பிடிக்கும்போது, பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் மறுபடி தொடங்கும் அந்த நொடியில்தான் முட்டல்.

95 ஒக்டேன் அடித்தால் சரிவரும் என்று சிலர் சொன்னார்கள். ஒக்டேன் என்பது பெற்றோல் எஞ்சினுக்குள் தானாக வெடித்து நொக் அடிக்காமல் தாங்கும் அளவு, வெட்டி இழுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு டேங் அடித்துப் பார்த்தேன், பணம்தான் போனது.

காத்தான்குடியில் நான் வழமையாகப் போகும் கராஜ் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணனை இங்கே காக்கா என்போம்), பெற்றோல் கூட்டிக் கொடுக்கும் பெட்டி பூட்டுவோமா என்று கேட்டேன். அவர் உடனே ஓம் சொல்லவில்லை. சங்கிலியைக் கையால் தூக்கிப் பார்த்தார். அக்சிலேட்டர் கேபிளில் விரல் வைத்துப் பார்த்தார். "தம்பி, முதல்ல இந்த ரெண்டையும் இறுக்குவம். மறுகா பெட்டியப் பாப்பம்." தளர்ந்திருந்த சங்கிலியையும் கேபிளையும் சரிசெய்ததிலேயே பாதி முட்டல் குறைந்தது. இதை வாசித்துவிட்டுப் பெட்டி வாங்க ஓடுகிறவர்கள் தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள். அது காசு கேட்காத வேலை.

மீதிப் பாதிக்குத்தான் பெட்டி. தீப்பெட்டி இரண்டை ஒட்டிய அளவு, கறுப்பு நிறம். இஞ்செக்டருக்கு வரும் சொக்கெட்டைக் கழற்றி இடையில் இதைப் பூட்ட வேண்டும். சைலன்சர் குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சரின் சொக்கெட்டுக்கும் அப்படியே. வண்டியின் சொந்த வயர் ஒன்றையும் வெட்டத் தேவையில்லை. கணினி இஞ்செக்டரை ஒவ்வொரு சுற்றிலும் சில மில்லி செக்கன் திறக்கச் சொல்லும், பெட்டி அதைச் சற்று நீட்டிவிடும். சென்சரையும் ஏன் பிடிக்க வேண்டும்? அதை விட்டுவிட்டால், பெற்றோல் கூடிவிட்டது என்று சென்சர் சொல்லும், கணினி குறைத்துவிடும், பெட்டியின் வேலை வீணாகும்.

பூட்டிய அடுத்த சனிக்கிழமை பதுளைக்குப் போனோம். மகா ஓயா வரை மூன்று முட்டல். அக்சிலேட்டரை முழுதாக விட்டு எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கணினி திறக்கச் சொல்லாத நேரத்தில் நீட்டுவதற்கு எதுவும் இல்லை, அதனால் அங்கே பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. லுணுகலை, பசறை வளைவுகளில் மூன்றாம் கியரிலேயே மெதுவாக ஏறினேன், வண்டி உதறவில்லை. பதுளையில் இறங்கியபோது மனைவி கழுத்தில் கை வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெற்றோல் கணக்கையும் சொல்ல வேண்டும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்து பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தந்த நாட்களில் தொடங்கிய கொப்பி இன்னும் எழுதுகிறேன். ஒரே பெற்றோல் ஷெட், டேங் வாய்வரை, பிறகு மீற்றர். முன்பு லீற்றருக்கு 30 கிலோமீற்றர் வந்தது, இப்போது 28. அந்த இரண்டு கிலோமீற்றரை மனதாரக் கொடுக்கிறேன். பெட்டியில் இதைவிட ரிச்சான, அதாவது பெற்றோல் இன்னும் கூடின, செற்றிங்குகளும் உண்டு. ஒரு கிழமை வைத்துப் பார்த்தேன், ஸ்பார்க் பிளக் கறுத்தது, சுகம் கூடவில்லை. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது, ரிச்சாக ஓடினால் காபன் மொனொக்சைட்டு ஏறும். அதனால் ஆகக் குறைந்த செற்றிங்கிலேயே விட்டிருக்கிறேன். பிளக் இளம் மண்ணிறம், அதுதான் சரியான நிறம்.

பெட்டி பூட்டி ஐந்தாம் மாதம் ஒரு சோதனை வந்தது. பதுளையிலிருந்து திரும்பும் வழியில் மழை. புல்லுமலைக்குக் கிட்ட, பொழுதுபடும் நேரம், எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிட்டது. யானை நடமாடும் வீதி. மனைவி ஒன்றும் பேசாமல் போன் வெளிச்சத்தைப் பிடித்தா. டேங்குக்குக் கீழே கைவிட்டுப் பெட்டியின் இரண்டு சொக்கெட்டையும் கழற்றிப் பழையபடி பூட்டினேன். வண்டி உடனே பற்றிக்கொண்டது. அந்த இடத்துக்கு விரல் எட்டும்படி சொக்கெட்டை வைத்துத் தந்த காக்காவை அன்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவர் பார்த்தார். பெட்டியில் கோளாறு இல்லை. அதன் எர்த் வயரை பிறேமில் ஒரு போல்ட்டில் கட்டியிருந்தோம். வயர் முனையின் செப்பு வளையத்தில் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. எங்கள் வீடு கல்லடியில், கடல் ஒரு பக்கம் வாவி ஒரு பக்கம். கேற் பிணைச்சலே இரண்டு வருடம் தாங்காத உப்புக் காற்று. "என்ட பிழதான் தம்பி, நேரா பற்றரியில குடுத்திருக்கணும்" என்றார். புது வளையம் போட்டு, பற்றரியின் நெகட்டிவில் இறுக்கி, மேலே வாஸ்லின் பூசி, வயர் சேரும் இடத்தைச் சுருங்கும் றப்பர் குழாயால் மூடினார். காசு வாங்கவில்லை.

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை சீற்றைக் கழற்றி எர்த்தைப் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன். செப்பு சிவப்பாகவே இருக்கிறது. வாற கிழமை பொத்துவில் பக்கம், லாகுகலை வரை. மனைவி தன் ஹெல்மெட்டுக்குப் புதுக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறா.